ஒண்ணேகால் ஏக்கருக்கு ரெண்டு பேட்டரி: தோட்டத்து வேலைக்கு கார்ட்லெஸ் மெஷின் எடுத்த கதை, கணக்கோட

2023 நவம்பர் கடைசி. மழை விட்டு ஒரு வாரம் இருக்கும். வேலி ஓரம் புல்லு முழங்கால் ஒசரத்துக்கு நிக்குதுன்னு அப்பா புல்லு வெட்டுற பெட்ரோல் மெஷின, அதான் பிரஷ் கட்டர, எடுத்து வெச்சு கயிற இழுக்க ஆரம்பிச்சிருக்காரு. பதினஞ்சு தடவ இழுத்திருப்பாரு, ஸ்டார்ட் ஆகல. பிளக்க கழட்டி தொடச்சு போட்டு மறுபடியும் இழுத்தவருக்கு இடது தோள்பட்ட பிடிச்சுகிச்சு, ரெண்டு நாள் கைய மேல தூக்க முடியல. அப்ப அவருக்கு 68 வயசு. நான் சனிக்கிழம கோயமுத்தூர்ல இருந்து போய் பாக்கும்போதுதான் விஷயமே தெரியுது, அதுவர போன்ல ஒண்ணும் சொல்லல.

எங்க தோட்டம் பொள்ளாச்சி தாண்டி ஆனைமலை பக்கம், மொத்தம் 125 சென்ட்டு. அதுல 90 சென்ட்டு தென்னந்தோப்பு, 25 அடிக்கு 25 அடி இடைவெளில 60 மரம். மீதி 35 சென்ட்டுல சாளை (தோட்டத்து வீடு), வாசல், தடம், காய்கறி பாத்தி, எலுமிச்ச, கொய்யா, முருங்கன்னு கலந்து இருக்கும். இந்த பக்கம் ஜூன்லயும் மழ, ஐப்பசிலயும் மழ. வருஷத்துல ஆறேழு மாசம் புல்லு வெட்ட வெட்ட வளரும், அதனால இது என்னைக்காவது ஒருநாள் ஆள் விட்டு முடிக்கிற வேல கிடையாது, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா பண்ணிட்டே இருந்தாத்தான் கட்டுக்குள்ள நிக்கும். அந்த கொஞ்சம் கொஞ்சத்த பண்றது பெரும்பாலும் அப்பாதான்.

மெஷின் ஏன் ஸ்டார்ட் ஆகலன்னா காரணம் ரொம்ப சாதாரணம். ஆகஸ்ட்ல ஓட்டிட்டு டேங்க்ல மிச்சம் இருந்த ஆயில் கலந்த பெட்ரோல அப்பிடியே விட்டிருந்தோம். மூணு மாசத்துல அது கார்புரேட்டர்ல பிசுபிசுன்னு காஞ்சு பொடி ஓட்டைய அடச்சிருச்சு. டூ ஸ்ட்ரோக் வண்டி எல்லாத்துக்கும் இந்த கத உண்டு, பெட்ரோல்ல எத்தனால் சேர்க்க ஆரம்பிச்சதுல இருந்து இன்னும் சீக்கிரமா வருது, ஏன்னா எத்தனால் காத்துல இருக்குற ஈரத்த இழுத்துக்கும். மாசக்கணக்குல சும்மா வெக்கிறதா இருந்தா டேங்க காலி பண்ணி, இஞ்சின் தானா நிக்கிற வரைக்கும் ஓட்டிட்டுத்தான் வெக்கணும். அத நாங்க பண்ணல. மெக்கானிக் கார்புரேட்டர சுத்தம் பண்ணி குடுத்தாரு, மெஷின் இன்னைக்கும் ஓடுது. ஆனா அப்பா தோள்பட்டைக்கு அந்த கயிறு இனிமே வேண்டாம்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

இதுக்கப்புறம் பண்ணது முழு தப்பு. அவசரத்துல ராத்திரி உக்காந்து ஆன்லைன்ல தேடி ஒரு காம்போ செட்டு ஆர்டர் போட்டேன். ஒரு சின்ன செயின் சா, ஒரு புல்லு வெட்டுற மெஷின், ரெண்டு பேட்டரி, பெட்டியோட. பேட்டரி மேல பெருசா "88விஎஃப்"னு போட்டிருந்துச்சு. பெரிய கம்பெனிக்காரங்க எல்லாம் 18 வோல்ட், 20 வோல்ட்னு விக்கும்போது 88னா நாலு மடங்கு பவர் இருக்கும்னு யாருக்கும் தோணும், எனக்கும் தோணுச்சு. வந்துச்சு. ஓட்டுனா முதல் பேட்டரி 8 நிமிஷம், ரெண்டாவது 7 நிமிஷம். காஞ்ச அருகம்புல்ல வெட்டும், ஈரமான கோரையில போனா அப்பிடியே முக்கி நின்னுரும். நைலான் கயித்துக்கு பதிலா சின்ன சின்ன பிளாஸ்டிக் பிளேடு, கல்லுக்கால்ல ஒரு தடவ பட்டா ஒண்ணு போச்சு. ஒரு மணி நேரத்துல ஆறு பிளேடு தீந்துச்சு.

அந்த பேட்டரிய கைல எடுத்தப்ப ரொம்ப லேசா இருந்துச்சு, அது எனக்கு உறுத்திட்டே இருந்துச்சு. பக்கத்து மளிகக்கடைல தராசுல வெச்சேன், 372 கிராம். அடுத்த வாரம் கோயமுத்தூர்ல டூல்ஸ் கடைக்கு போனப்ப பேர் உள்ள ஒரு கம்பெனியோட 5 ஏஹெச் (ஆம்பியர் ஹவர், பேட்டரி எவ்வளவு புடிக்கும்ங்கற அளவு) பேட்டரிய பார்சல் தராசுல வெக்க சொன்னேன், 640 கிராம். வித்தியாசம் எங்க இருந்து வருதுன்னு கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன், இது தெரிஞ்சா பாதி ஏமாத்து அங்கயே தெரிஞ்சுரும்.

இந்த மெஷின்கள்ல பெரும்பாலும் 18650னு சொல்ற லித்தியம் செல்லுதான் இருக்கும், 18 மில்லிமீட்டர் குறுக்கு, 65 மில்லிமீட்டர் நீளம், ஒண்ணு 45ல இருந்து 48 கிராம் வரும். ஒரு செல்லோட சராசரி வோல்டேஜ் 3.6, ஃபுல் சார்ஜ்ல 4.2. அஞ்சு செல்ல வரிசையா கோத்தா 18 வோல்ட், அதுவே அப்பத்தான் சார்ஜ் ஏத்தி எடுத்தா 21 வோல்ட். அவ்வளவுதான் விஷயம். 18 வோல்ட், 20 வோல்ட் மேக்ஸ், 21 வோல்ட் மூணும் ஒரே அஞ்சு செல்லு. டீவால்ட் அமெரிக்கால 20 வோல்ட் மேக்ஸ்னு விக்கிறதையே ஐரோப்பால 18 வோல்ட்டுன்னு விக்குது. 88விஎஃப், 198விஎஃப், 388விஎஃப் எல்லாம் வோல்டேஜே இல்ல, வெறும் ஸ்டிக்கர். மீட்டர் வெச்சு பாத்தப்ப எங்க "88" பேட்டரி ஃபுல் சார்ஜ்ல 20.6 வோல்ட் காட்டுச்சு.

அப்ப வோல்டேஜ் ஒண்ணா இருந்தா எது பெருசு? உள்ள எவ்வளவு கரண்ட் இருக்குங்கறதுதான். வோல்டேஜ ஏஹெச்சால பெருக்குனா வாட் ஹவர் வரும். 18 தடவ 5, 90 வாட் ஹவர். 5 ஏஹெச் பேட்டரில 18650 செல்லுன்னா பத்து செல்லு இருக்கும், ரெண்டு வரிச. பத்து செல்லோட எடையே 450 கிராமுக்கு மேல வந்துரும், கூடு, போர்டு எல்லாம் சேத்தா 600 கிராம் தாண்டணும். 372 கிராம்னா உள்ள அஞ்சு செல்லுக்கு மேல இடம் இல்ல, அதுவும் 1.5 ஏஹெச் செல்லா இருந்தா மொத்தமே 27 வாட் ஹவர். புல்லு வெட்டுற மெஷின் ஓடும்போது சுமாரா 200 வாட் இழுக்கும், 27ஐ 200 வாட்டுல செலவு பண்ணா 8 நிமிஷம். நான் கைக்கடிகாரத்துல பாத்ததும் அதே 8 நிமிஷம். அதனால யாராவது 5 ஏஹெச், 6 ஏஹெச்னு சொல்லி பேட்டரி குடுத்தா பிரிச்சு பாக்க வேண்டாம், லித்தியம் பேட்டரிய வீட்ல பிரிக்கவே கூடாது, தராசுல வெச்சு பாருங்க போதும். கூடவே பேட்டரி மேல ஐஎஸ் 16046னு பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைப்பு) பதிவு நம்பரோட இருக்கான்னு பாருங்க, இந்த மாதிரி பேட்டரிக்கு நம்ம நாட்டுல அது கட்டாயம். நான் வாங்குனதுல அது இல்ல.

அந்த செட்ட திருப்பி அனுப்பிட்டு, இந்த தடவ மெஷின் தேடறத நிறுத்திட்டு வேலைய அளக்க ஆரம்பிச்சேன். என்னைய கேட்டா இந்த மொத்த கதைலயும் உருப்படியா பண்ணது இது ஒண்ணுதான். ஒரு 80 பக்க நோட்டு. டிசம்பர், ஜனவரி ரெண்டு மாசம் தோட்டத்துல என்னென்ன வெட்டுறோம், எவ்வளவு நேரம், யாரு பண்றாங்கன்னு எழுதுனோம், நான் இல்லாதப்ப அப்பா எழுதுனாரு.

எழுதி பாத்தா வேல ரெண்டு ரகமா தனித்தனியா பிரிஞ்சு வந்துச்சு. ஒண்ணு, அடிக்கடி வர்ற சின்ன வேல. சுத்துவேலி ஏறக்குறைய 1000 அடி, ஓரத்துல ரெண்டடி அகலத்துக்கு சுத்தமா இருந்தாத்தான் கம்பிவேலி மேல கோவக்கொடி ஏறாது, பாம்பு இருந்தாலும் கண்ணுக்கு தெரியும். ரெண்டாயிரம் சதுர அடி, அதாவது நாலரை சென்ட்டுக்கு கொஞ்சம் கூட. அப்புறம் சாளைய சுத்தியும் தடத்துலயும், சொட்டுநீர் குழாய் ஓரமும், தென்னைக்கு வட்டப்பாத்தியும். வாசல்ல 45 அடிக்கு செம்பருத்தி வேலி. முருங்க, கொய்யால கிளை கழிக்கிறது. இதெல்லாம் அப்பா வேல, ஒரு தடவைக்கு அர மணி நேரத்துல இருந்து ஒரு மணி நேரம்.

இன்னொண்ணு, தோப்புக்குள்ள மரத்துக்கு நடுவுல இருக்குற எடம், சுமார் 80 சென்ட்டு. பார்த்தீனியம், கோரை, தொட்டாச்சிணுங்கி எல்லாம் சேந்து இடுப்பு ஒசரத்துக்கு வரும். இது வருஷத்துக்கு ரெண்டு தடவ, ஆள் வந்து பெரிய மெஷின்ல ரெண்டு நாள் அடிக்கிற வேல.

இப்ப கணக்கு போட்டா பதில் தானா வருது. நல்ல 90 வாட் ஹவர் பேட்டரில அடர்ந்த புல்லுல 22 நிமிஷத்துல இருந்து 25 நிமிஷம் ஓடும், அந்த நேரத்துல மூணு சென்ட்டு வெட்டலாம். வேலி முழுக்க சுத்த ஒண்ணரை பேட்டரி. அது ஆகக்கூடியது. 80 சென்ட்டுக்கு? 25 பேட்டரிக்கு மேல. ரெண்டு பேட்டரிய மாத்தி மாத்தி சார்ஜ் போட்டு அத முடிக்க ரெண்டு நாளும் பத்தாது, பேட்டரிக்கும் கேடு. ஒரு லிட்டர் பெட்ரோல எரிச்சா சுமார் 9 யூனிட் கரண்டுக்கு சமமான சூடு வரும், அதுல சின்ன டூ ஸ்ட்ரோக் இஞ்சின் பிளேடுக்கு குடுக்குறது பத்துல ஒரு பங்கோ கொஞ்சம் கூடவோதான், மீதியெல்லாம் பொகையும் சூடும். அப்பிடி வீணாக்கியும் ஒரு லிட்டர் பெட்ரோல் பத்து பேட்டரிக்கு ஈடா நிக்குது. அதனால பெரிய எடத்துக்கு பெட்ரோல், வாரா வாரம் வர்ற வேலைக்கு பேட்டரின்னு முடிவு பண்ணோம். இன்னைக்கு வரைக்கும் அந்த முடிவுல ஒரு குறையும் தெரியல. நெறய பேரு "கார்ட்லெஸ் எல்லாம் வேஸ்ட்டு, கால் ஏக்கர் கூட வெட்டல"ன்னு திட்டுறது எனக்கு இப்ப புரியுது, அவங்க 80 சென்ட்டு வேலைய 90 வாட் ஹவர் கிட்ட கேட்டிருக்காங்க.

பேட்டரி எந்த கம்பெனின்னு தேர்வு பண்றதுதான் இதுல நிஜமான கல்யாணம், மெஷின் எல்லாம் அதுக்கப்புறம் வர்ற சொந்தபந்தம். ஒரு தடவ ரெண்டு பேட்டரியும் ஒரு சார்ஜரும் வாங்கிட்டீங்கன்னா அடுத்த அஞ்சாறு வருஷத்துக்கு அதே கம்பெனி மெஷின்தான் எடுப்பீங்க, ஏன்னா பேட்டரி இல்லாம வெறும் மெஷின் வாங்குனா விலை நல்லா கொறையும். எங்களுக்கு ரெண்டு பேட்டரியும் சார்ஜரும் சேந்த விலை புல்லு வெட்டுற மெஷினோட விலைய விட அதிகம். இதுல ஒரு குழி இருக்கு. ஒரே கம்பெனிக்குள்ளயே ஒண்ணுக்கொண்ணு சேராத பேட்டரி வரிச உண்டு. மக்கிட்டால 18 வோல்ட் எல்எக்ஸ்டி ஒண்ணு, 40 வோல்ட் மேக்ஸ் எக்ஸ்ஜிடி வேற, அத இதுல மாட்ட முடியாது. பாஷ்ல நீலக்கலரு மெஷின் பேட்டரி பச்சக்கலரு மெஷினுக்கு சேராது. ஸ்டில்லுல ஏஎஸ், ஏகே, ஏபின்னு மூணு வரிச, மூணும் தனித்தனி. கடைல "அதே கம்பெனிதானுங்க"ன்னு சொல்வாங்க, அந்த வார்த்தைய நம்பாம பேட்டரிய கைல எடுத்து ரெண்டு மெஷின்லயும் மாட்டி காட்ட சொல்லுங்க.

நான் கடைசில எந்த கம்பெனி எடுத்தேங்கறது இங்க முக்கியம் இல்ல. எனக்கு கோயமுத்தூர்ல சர்வீஸ் சென்டர் இருந்துச்சு, நான் வாராவாரம் அங்க இருந்துதான் தோட்டத்துக்கு வர்றேன், நைலான் கயிறு ஸ்பூல் அங்கயே கெடைக்குது, அதனால எடுத்தேன். உங்க ஊருக்கு கிட்ட எதுக்கு சர்வீஸ் இருக்கோ, எதோட ட்ரில்லு ஏற்கனவே உங்க வீட்ல இருக்கோ, அதுதான் உங்களுக்கு நல்ல கம்பெனி.

18 வோல்ட்டா, 36 அல்லது 40 வோல்ட்டான்னு நாலு வாரம் யோசிச்சேன். 40 வோல்ட் மேக்ஸ்னா பத்து செல்லு வரிசையா, சராசரி 36 வோல்ட். மோட்டாருக்கு அதே பவர பாதி கரண்ட்ல குடுக்கலாம், சூடு கம்மி, அடர்ந்த புல்லுல முக்காம போகும். நல்லதுதான். ஆனா கைல புடிக்கப்போறது நான் இல்ல. 2024 பிப்ரவரி முதல் வாரம் அப்பாவ கடைக்கே கூட்டிட்டு போனேன். கடைக்காரர் மொதல்ல பெருசு ஒண்ண பேட்டரி மாட்டி குடுத்தாரு, பேட்டரியோட அஞ்சரை கிலோ. பெல்ட்ட மாட்டி நின்ன எடத்துலயே பத்து நிமிஷம் இடமும் வலமும் வீச சொன்னேன். நாலு நிமிஷத்துல அப்பா இடது கைய எறக்கிட்டாரு, வாய தொறந்து ஒண்ணும் சொல்லல. அடுத்து 18 வோல்ட் மெஷின், பேட்டரியோட மூணு கிலோ சொச்சம், பேட்டரி பின்னாடி முழங்கை பக்கத்துல உக்காருது, தல முன்னாடி, நடுவுல புடிச்சா ரெண்டு பக்கமும் சமமா நிக்குது.

"இதென்ன கண்ணு, எடையே இல்லாத மாதிரி இருக்கு"ன்னாரு.

"பத்து நிமிஷம் வீசுங்கப்பா, அப்புறம் சொல்லுங்க"ன்னேன்.

முழுசா வீசிட்டு, "இது போதும். அத நீ வாங்குனாலும் நான் எடுக்க மாட்டேன்"னாரு. நாலு வாரமா நான் பாத்துட்டு இருந்த பவர் கணக்கெல்லாம் அந்த ஒரு வார்த்தைல முடிஞ்சுருச்சு. எடுத்து ஓட்டாத மெஷின் எத்தன வாட்டா இருந்தா என்ன. வயசானவங்களுக்கு வாங்கிக் குடுக்குறவங்க தயவு செஞ்சு அவங்கள கடைக்கு கூட்டிட்டு போங்க, பத்து நிமிஷம் புடிக்க சொல்லுங்க, அந்த கை சொல்றத கேளுங்க.

அப்ப எடுத்தது: பிரஷ்லெஸ் மோட்டார் புல்லு வெட்டுற மெஷின், ரெண்டு 5 ஏஹெச் பேட்டரி, 45 நிமிஷத்துல ஏத்துற சார்ஜர். பிரஷ்லெஸ்னு கேட்டு வாங்குனதுக்கு காரணம், கார்பன் பிரஷ் தேயற மோட்டார விட அதே பேட்டரில கொஞ்ச நேரம் கூட ஓடும், சூடும் கம்மி, பிரஷ் மாத்துற வேலையும் இல்ல. ரெண்டு மாசம் கழிச்சு அதே பேட்டரில ஓடுற செடி வெட்டுற ஹெட்ஜ் ட்ரிம்மரும், ஆறு இஞ்சு கை செயின் சாவும் வெறும் மெஷினா வாங்குனேன். காத்து ஊதி சருக தள்ளுற புளோயர் வாங்கல. கடைல ஓட்டி பாத்தேன், ஃபுல் வேகத்துல 5 ஏஹெச் பேட்டரி கால் மணி நேரத்துல காலி. எங்க வாசல தென்னஞ்சீமாறு வெச்சு அம்மா பத்து நிமிஷத்துல கூட்டிருவாங்க, அதுக்கு 90 வாட் ஹவர செலவு பண்ண மனசு வரல.

இனி நடந்தது. நல்லதையும் கெட்டதையும் அப்பிடியே சொல்றேன்.

புல்லு வெட்டுற மெஷின் எதிர்பாத்த மாதிரியே ஓடுது. மழைக்காலத்துல வேலி ஒரு சுத்துக்கு ஒண்ணரை பேட்டரி, சில தடவ ரெண்டும் காலி, பங்குனி சித்திரைல ஒண்ணே போதும். சார்ஜ் ஏத்த ஒரு தடவைக்கு 0.1 யூனிட் சொச்சம்தான் ஆகுது. சார்ஜ் ஆகுற நேரம் அப்பாவுக்கு ஓய்வு நேரம் ஆயிருச்சு, டீ குடிப்பாரு, மாட்டுக்கு தண்ணி காட்டுவாரு. சத்தம் கம்மிங்கறத நான் வாங்கும்போது பெருசா நெனைக்கல. ஆனா காலைல ஏழு மணிக்கே ஓட்ட முடியுது, பக்கத்து தோட்டத்துல கட்டியிருக்குற மாடு மெரளல, தூரத்துல இருந்து அம்மா கூப்பிட்டா அப்பாவுக்கு கேக்குது. தனியா வேல செய்யற வயசானவருக்கு அது சின்ன விஷயம் இல்ல.

நைலான் கயிறு பத்தி ஒரு விஷயம். 18 வோல்ட்டுக்கு 2 மில்லிமீட்டர் கயிறு போதும், பெட்ரோல் மெஷினுக்கு போடற 2.4, 3 மில்லிமீட்டர் எல்லாம் போட்டா மோட்டார் இழுத்துகிட்டே ஓடி பேட்டரிய தின்னும். நம்ம வெயில்ல கயிறு காஞ்சு மொடமொடன்னு ஆயிரும், கல்லுல பட்டதும் பட்டு பட்டுன்னு ஒடியும். நைலான் தண்ணிய இழுத்துக்கிற சாமான், அதனால முந்தின நாள் ராத்திரி ஸ்பூல அப்பிடியே ஒரு சொம்பு தண்ணில போட்டு வெச்சா மறுநாள் வளஞ்சு குடுக்கும், ஒடியாது. அப்பா இப்ப வெள்ளிக்கிழம ராத்திரி தவறாம போட்டு வெக்கிறாரு, கயிறு செலவு கண்ணுக்கு தெரியற மாதிரி கொறஞ்சுது.

சொட்டுநீர் குழாய்தான் எனக்கு பெரிய பயமா இருந்துச்சு. பெட்ரோல் மெஷின்ல இரும்பு பிளேடு போட்டு ஆளுங்க அடிக்கும்போது 16 மில்லிமீட்டர் குழாய் ஒவ்வொரு தடவையும் நாலஞ்சு எடத்துல வெட்டுப்படும், அடுத்த நாள் மோட்டார் போட்டாத்தான் எங்கெங்க பீச்சுதுன்னு தெரியும். நைலான் கயிறு அந்த குழாய்ல பட்டா சொரண்டும், வெட்டாது. ஆனா மரத்துக்கு போற 4 மில்லிமீட்டர் மைக்ரோ டியூப் போயிரும், அதுல சந்தேகமே வேண்டாம். ஏப்ரல்ல ஒரே நாள்ல மூணு போச்சு. இப்ப வட்டப்பாத்திக்கு வந்ததும் டியூப்ப எடுத்து மரத்துல கட்டியிருக்குற கயித்துல சொருகிட்டு, குழாய்க்கு ஒரு அடிக்குள்ள மெஷின் போகாது, அங்க அருவாதான்.

எலுமிச்ச கன்னுல நடந்தது மட்டும் இன்னும் மனசுல இருக்கு. மூணு வருஷத்து கன்னு, அந்த வருஷம்தான் மொத பூ எடுத்துச்சு. தண்டு ஓரமா புல்ல சுத்தமா எடுக்கறேன்னு நான்தான் மெஷின தண்டு கிட்ட ஒரு சுத்து சுத்துனேன். பாக்க ஒண்ணும் தெரியல, பட்டைல லேசா ஒரு வெள்ளக்கோடு, அவ்வளவுதான். மூணு வாரத்துல எல மஞ்சளாச்சு, ரெண்டு மாசத்துல காஞ்சுருச்சு. பட்டைக்கு அடியிலதான் எலைல செஞ்ச சாப்பாடு வேருக்கு எறங்குது, அத சுத்தி முழுசா அறுத்தா வேரு பட்டினி கெடந்து செத்துரும். நைலான் கயிறுதானே, மரத்த என்ன பண்ணும்னு நெனச்சது தப்பு. நாலு இஞ்சு பிவிசி பைப் துண்டு கெடந்துச்சு, ஒரு அடி ஒரு அடியா அறுத்து, ஒரு பக்கம் நீளவாக்குல கீறி, எல்லா சின்ன கன்னுக்கும் காப்பு மாதிரி போட்டு விட்டோம். அதுக்கப்புறம் ஒரு கன்னு கூட அடிபடல.

செம்பருத்தி வேலிக்கு ஹெட்ஜ் ட்ரிம்மர் அருமையா பண்ணுது, 45 அடிய அர பேட்டரில ரெண்டு பக்கமும் மேலயும் முடிச்சுரலாம். ஆனா வாங்கும்போது பல்லுக்கு பல்லு எவ்வளவு இடைவெளின்னு பாருங்க, அதுக்கு மேல தடிச்ச குச்சி உள்ளயே போகாது, ஓரத்துல கடிச்சு நார் நாரா கிழிக்கும். எங்களது விரல் தடிமன் வர வெட்டும். பின்பக்கம் கிளுவ வேலி ரெண்டு வருஷம் கழிக்காம கட்ட வெரல விட தடியா ஆயிருச்சு, அங்க ட்ரிம்மர கொண்டு போகவே இல்ல, கொடுவாள்தான். மூணு மாசத்துக்கு ஒரு தடவ வெட்டுற வேலிக்குத்தான் ட்ரிம்மர், வருஷக்கணக்கா விட்ட வேலிக்கு இல்ல.

கை செயின் சா முருங்கைக்கும் கொய்யாவுக்கும் வெண்ணெய்ல கத்தி போன மாதிரி போகும். காய்ப்பு முடிஞ்ச முருங்கைய மூணடி ஒசரத்துல வெட்டி விட பத்து நிமிஷம். தென்ன மட்டைல மட்டும் வெக்காதீங்க. விழுந்த மட்டையோட அடிப்பாகத்த துண்டு போடலாம்னு வெச்சேன், பன்னாடையும் நாரும் செயின் கவருக்குள்ள போய் செயின ஓட்டற பல்சக்கரத்த சுத்திகிச்சு, செயின் கழண்டு தொங்குச்சு. பிரிச்சு பாத்தா உள்ள தேங்கா நார் பந்தாட்டம் சுருட்டி கெடந்துச்சு, குச்சி வெச்சு நோண்டி எடுக்க அர மணி நேரம். மட்டைக்கு நம்ம கொடுவாள விட்டா வேற ஆயுதம் இல்ல. செயினுக்கு ஆயில் ஒவ்வொரு தடவையும் விடணும், சின்ன மெஷின்ல பல மாடல்ல தானா சொட்டாது, கையாலதான் விடணும். அப்புறம் பாரோட மூக்கு நுனி மேல்பக்கம் கிளைல படாம பாத்துக்கங்க, பட்டா மெஷின் மூஞ்சிய நோக்கி எகிறும், ஆறு இஞ்சு தானேன்னு ஒத்தக்கைல புடிக்கிறவங்களுக்குத்தான் அடிபடுது. கண்ணாடி, முழு செருப்பு, ரெண்டு கை. போல் சா பத்தி அப்பா கேட்டாரு, நான் வேண்டாம்னுட்டேன். தோப்பு ஓரமா ஈபி லைன் போகுது, அலுமினிய கம்ப வெச்சுகிட்டு மேல பாத்து அறுக்கிற வேல அங்க வேண்டவே வேண்டாம்.

சூடு. இத வாங்கும்போது யாரும் சொல்லல, நம்ம ஊருக்கு இதுதான் ரொம்ப முக்கியம். சித்திர மாசம் பதினோரு மணிக்கு மெஷின்ல இருந்து கழட்டுன பேட்டரி கைல புடிச்சா சுடும். லித்தியம் செல்ல பொதுவா 45 டிகிரிக்கு மேல சார்ஜ் ஏத்தக்கூடாது, நல்ல சார்ஜர் அத தானா பாத்து ஆற வரைக்கும் காத்திருக்கும், வேற கலர்ல லைட்டு மின்னும். அப்பா மொத தடவ பாத்துட்டு சார்ஜர் கெட்டுப்போச்சுன்னு போன் பண்ணாரு. கெடல. திண்ணை நெழல்ல அர மணி நேரம் ஆற வெச்சுட்டு போட்டா ஏறுது. 88 ஸ்டிக்கர் பேட்டரியோட வந்த சார்ஜர் சுட சுட போட்டாலும் ஒண்ணும் கேக்காம ஏத்துச்சு, அது எவ்வளவு ஆபத்துன்னு அப்ப எனக்கு தெரியல. பேட்டரிய முன்ன மோட்டார் ரூம்ல வெச்சிருந்தோம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மத்தியானத்துல அடுப்பு மாதிரி இருக்கும். இப்ப வீட்டுக்குள்ள நெல்லு பொட்டி மேல இருக்கு. ரெண்டு வாரத்துக்கு மேல எடுக்க மாட்டோம்னு தெரிஞ்சா ஃபுல்லா ஏத்தி வெக்கிறதில்ல, நாலு லைட்டுல ரெண்டு எரியற அளவுக்கு விட்டுருவோம், செல்லோட ஆயுசுக்கு அது நல்லது.

தோப்புக்குள்ள 80 சென்ட்டுக்கு 2024 ஜூலைலயும் டிசம்பர்லயும் பெட்ரோல் மெஷின் ஓட்டற அண்ணன் ஒருத்தர் வந்து அடிச்சு குடுத்தாரு. எங்க பழைய மெஷின அவரே ஓட்டறாரு, அவரு கைக்கு அது ஒரு இழுப்புல ஸ்டார்ட் ஆகுது. வேல முடிஞ்சதும் டேங்க காலி பண்ணி வெச்சுட்டு போறாரு. வேலி ஓரத்துக்கு மட்டும் முன்னாடி மாசம் ஒரு தடவ அவர கூப்பிட்டு கூலி குடுத்துட்டு இருந்தோம், அது நின்னுருச்சு. எங்க நோட்டு கணக்குப்படி அந்த கூலி மிச்சத்துலயே பேட்டரி, சார்ஜர், மெஷின் மூணுக்கும் போட்ட காசு பதினாலாவது மாசத்துல திரும்பி வந்துச்சு. ட்ரிம்மரும் செயின் சாவும் இன்னும் வரல, வாரத்துல அவ்வளவு ஓடுற சாமானும் இல்ல அது ரெண்டும்.

2025 ஜூலைல, பதினேழு மாசம் கழிச்சு, ரெண்டு பேட்டரியையும் மறுபடி நேரம் பாத்தோம். அதே வேலி, அதே தெக்கு ஓரம், அதே மாதிரி ஈரப்புல்லு. புதுசுல 24 நிமிஷம் ஓடுன ஒண்ணாம் நம்பர் 22 நிமிஷம், ரெண்டாம் நம்பர் 21. ரெண்டாம் நம்பர்தான் மொத சித்திரைல மோட்டார் ரூம்ல கெடந்தது. பேட்டரி மேல பெயிண்ட்ல 1, 2ன்னு போட்டு வெச்சதாலதான் இது தெரிய வந்துச்சு, நீங்களும் போட்டு வெச்சுக்கங்க. என்னைக்காவது ஒண்ணு முழுசா செத்தா குப்பைல போட மாட்டோம், 2022ல வந்த பேட்டரி கழிவு விதிப்படி வித்த கம்பெனியே திருப்பி வாங்கிக்கணும், சர்வீஸ் சென்டர்ல கேட்டுட்டேன், வாங்கிக்கறாங்க.

மூணாவது பேட்டரி வாங்கலாமான்னு போன வாரம் அப்பாகிட்ட கேட்டேன். ரெண்ட மாத்தி மாத்தி போட்டா நடுவுல இருவது நிமிஷம் சும்மா நிக்க வேண்டியிருக்கு, மூணு இருந்தா நிக்காம ஓட்டலாம்னு சொன்னேன். "எனக்கு எதுக்கு கண்ணு நிக்காம ஓட்டணும்"னு கேட்டுட்டு நோட்ட எடுத்து அன்னைக்கு வேலைய எழுத ஆரம்பிச்சுட்டாரு: வடக்கு வேலி, ஒரு பேட்டரி, வெட்டுனது 22 நிமிஷம், நடுவுல டீ.